மாமியின் ஈரத்தலை

நான் லேசில் யாரையும் நம்பாதவள். கழக்கூட்டத்தில் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே நல்ல ஃபிளாட் கிடைத்தது. லிஃப்ட் உண்டு, காவலாளி உண்டு, கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகமும் உண்டு. காப்பகத்துப் பெண் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அத்தனை சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாமென்று, ஊரின் மறுகோடியில் தமிழர்கள் நிறைய இருக்கும் கரமனைக்கு வந்தேன். பஸ்ஸில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். கணவருக்குக் கொச்சியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். ஒன்றரை வயது மகளைத் தமிழ் பேசும் வீட்டில் விட்டால் போதும் என்றிருந்தது.

அக்ரஹாரத் தெருவில் மாடி போர்ஷன் வாடகைக்கு எடுத்தோம். எதிர்வீட்டு மாமிக்கு ஐம்பது வயதிருக்கும், தனியாக இருந்தாள். “நான் பாத்துக்கறேன். நீ விஷமிக்காதே, ஒரு குழப்பமும் வராது, கேட்டியா?” என்றாள். கவலைப்படாதே என்பதை இந்த ஊர் மாமிகள் அப்படித்தான் சொல்வார்கள். நான் நாகர்கோவில்காரி. எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. அது தெரிந்தும் ஏன் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாள் என்று அன்றைக்கே யோசித்தேன்.

முதல் மாதம் பிடிபடவில்லை. இரண்டாம் மாதம்தான் மாமியின் தலையைக் கவனித்தேன். சாயங்காலம் எப்போது போனாலும் நுனியில் முடிச்சிட்ட தலைமுடி ஈரமாகவே இருந்தது. பின்கட்டுக் கொடியில் ஒன்பது கஜப் புடவைகள் மூன்று நான்கு காய்ந்தன. தனியாக இருக்கிறவளுக்கு ஒரே நாளில் எதற்கு இத்தனை புடவை? கேட்டால், “வேலை அப்படி” என்று பேச்சை மாற்றினாள்.

அதோடு மகளுக்கும் ஒரு புதுப் பழக்கம் வந்தது. என்னைக் கண்டதும் ஓடி வருவாள். ஒரு முழத் தூரத்தில் நின்றுவிடுவாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் குனிந்து கை நீட்டினால்தான் கிட்டே வருவாள். குளிப்பாட்டும்போது உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அதையும் சந்தேகப்பட்டேன்.

பிறகு ஒரு நாள் பஸ்ஸில் நிற்கும்போது உறைத்தது. எங்கள் பிள்ளை தொட்டால் தீட்டு. அதனால்தான் குளித்துக் குளித்துத் தொலைக்கிறாள். அன்றிலிருந்து தினமும் கழக்கூட்டம் வரை மனதுக்குள் மாமியோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஒரு புதன்கிழமை அலுவலகத்துக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, கிழக்கேகோட்டையில் இறங்கித் திரும்பி வந்தேன். பின்சந்தில் நுழைந்து மாமியின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

மாமி யாரும் தொடக்கூடாத மடிப்புடவையில் அடுப்பின் முன் உட்கார்ந்து அதிரசம் தட்டிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் குறுக்கே ஒரு பலகை. அதற்கு அந்தப்பக்கம் என் மகள் கைகளைத் தூக்கினாள். “தொடப்படாது கண்ணா, மாமி மடி. இதோ, இன்னும் நாலே நாலு” என்றாள் மாமி. மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகக்கூட இருந்தது.

மகள் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு அழ ஆரம்பித்தாள். மாமி அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள். பலகையைத் தாண்டிப் போய் அவளை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கூடத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தாள். அழுகை அடங்கித் தூங்கியதும் பாயில் கிடத்தினாள். பிறகு குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

வேறு புடவையில், தலை சொட்டச் சொட்ட, இருமிக்கொண்டே துணி உலர்த்த வெளியே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

“என்னடி, உடம்புக்கு ஏதாவதா?” என்று பதறினாள்.

நான் வாய்க்கு வந்ததைக் கேட்டேன். “எங்க பிள்ளயத் தொட்டா குளிக்கணுமா மாமி?”

மாமி புடவையைப் பிழிந்தபடியே நின்றாள். “திவசத்துக்குப் பக்ஷணம் ஆர்டர் எடுத்திருக்கேன். மடியாப் பண்ணித் தரேன்னு சொல்லித்தான் எல்லாரும் வாங்கிக்கறா. என் பேரனே வந்து தொட்டாலும் குளிச்சுட்டுத்தான் மறுபடி அடுப்புகிட்டப் போகணும். அதுக்காக அழற குழந்தையை எடுக்காம இருக்க முடியுமோ?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமி ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என்னை.

“எத்தனை நாழியா இங்க நிக்கறே?”

“அரை மணி நேரமா.”

“அப்படி அழுதாளே. அப்பவும் இங்கயேதான் நின்னுண்டிருந்தயா?”

மாமி என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்காக என் பிள்ளையை அழவிட்டு நின்றேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் மாமி வழக்கம்போல மகளை வாங்கிக்கொண்டாள். வழக்கமாக உடனே உள்ளே போய்விடுபவள், அன்று நான் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.