பஞ்சாலையின் கால் படம்

லாபு சாலையை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் பஞ்சாலை. தோட்டத்துப் பழைய வேலையாட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில்தான் இன்றும் இருக்கிறாள். வயது நாற்பத்து நான்கு. கணவன் தேவன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். இவள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். பதினேழு பிள்ளைகள், பன்னிரண்டு வருடம். வேனுக்குள் பிள்ளைகள் சண்டை போட்டால் அதட்ட மாட்டாள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, சண்டை ஓயும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை அப்படி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பார்கள்.

இரண்டரை வருடத்துக்கு முன் வீட்டுக்குப் பின்னால் கிடந்த செம்பனை மட்டையை இழுத்துப் போடும்போது, முள் செருப்பைத் துளைத்து வலது காலில் ஏறியது. அவளுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். புண் ஆறவில்லை. பக்கத்து நகரமான சிரம்பானின் ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பெற்றோரிடம் கால் ஒடிந்துவிட்டது என்று சொல்லி, இரண்டு மாதம் வேனை வேறொருவரிடம் கொடுத்தாள். திரும்பி வந்தபோது விரல் தெரியாதபடி மூடிய சப்பாத்து போட்டிருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் கிடந்த அந்த இரண்டு மாதத்தில் அவளுக்குத் துணையாக இருந்தது கைப்பேசியில் ஒரு குழு. ‘இனிப்புநீர் உறவுகள்’ என்று பெயர். நாலாயிரம் பேர். சிரம்பானில் கிளினிக் ஒன்றில் வேலை செய்யும் மாதவி அதை நடத்திவந்தாள். மூடிய குழு. ‘இங்கே பகிர்வது இங்கேயே இருக்கும்’ என்று பக்கத்தின் தலைப்பிலேயே எழுதி வைத்திருந்தாள். அதை நம்பித்தான் பஞ்சாலை வாரம் ஒருமுறை புண்ணைப் படமெடுத்துப் போட்டாள். தேவனிடம்கூடச் சொல்லாததை அங்கே எழுதினாள்: ‘இந்தக் காலும் போயிட்டா நான் யாரு?’ முகம் தெரியாத பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். புண் ஆறியது.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேன் கதவருகே ஒரு பிள்ளையின் தாய் கைப்பேசியை நீட்டினாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது நீங்கதானா?”

மூலிகை எண்ணெய் விளம்பரம் அது. சுண்டுவிரல் இல்லாத அவளுடைய கால், அவள் வீட்டு அடுப்படித் தரை. கீழே எழுதியிருந்தது: ‘பஞ்சாலை, லாபு. காலையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மூன்று வாரம் இந்த எண்ணெய் தடவினேன். இன்று ஓடி ஆடி வேலை செய்கிறேன்.’ அவள் எழுதிய வரியும் மேலே பெரிய எழுத்தில் இருந்தது. இந்தக் காலும் போயிட்டா நான் யாரு?

அந்த எண்ணெயை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

“நான்தான்,” என்றாள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் நான்கு பிள்ளைகள் வேனுக்கு வரவில்லை. ஒரு தகப்பன் மட்டும் செய்தி அனுப்பியிருந்தார்: விரல் இல்லாத காலால் பிரேக் மிதிக்கிறவரிடம் பிள்ளையை விட மனம் வரவில்லை.

“விடு லா. ரெண்டு வாரத்துல மறந்துருவாங்க,” என்றான் தேவன்.

“அவங்க மறப்பாங்க. அது என் கால்.”

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய், வேன் ஓட்டத் தடையில்லை என்று டாக்டரிடம் கடிதம் வாங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்குப் பெற்றோர்களை வரச் சொன்னாள். பதினொரு குடும்பம் வந்தது. எல்லோர் முன்னாலும் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினாள்.

“கால் ஒடஞ்சிருச்சுன்னு ஒங்ககிட்ட பொய் சொன்னேன். அது என் தப்பு. வெரல எடுத்தாங்க. டாக்டர் லெட்டர் இருக்கு, மூணு மாசத்துக்கு ஒருக்கா செக்கப் போற கார்டு இருக்கு. படிச்சுப் பாருங்க.”

செய்தி அனுப்பிய ரவிச்சந்திரன் கேட்டார். “ரெண்டு வருஷமா ஏன் சொல்லல?”

“பிள்ளைங்கள நிறுத்திருவீங்கன்னு பயந்தேன். இப்ப நிறுத்துனாலும் நிறுத்துங்க. நான் சொல்லிக் கேட்டு நிறுத்துங்க. எண்ணெ விக்கிறவன் சொல்லி நிறுத்தாதீங்க.”

கடிதம் கைமாறிக் கைமாறிப் போய் அவளிடமே திரும்பி வந்தது.

அடுத்த நாள் மாதவிக்குப் போன் செய்தாள். மாதவி எடுத்தவுடன் அழுதாள். அந்த எண்ணெய் நிறுவனம் குழுவினருக்கு இலவசமாக இரத்தப் பரிசோதனை செய்துகொடுத்தது, பதிலுக்குத் தங்கள் ஆளையும் குழுவின் நிர்வாகியாகச் சேர்க்கச் சொன்னது.

“மெம்பருங்களுக்கு நல்லதுன்னுதான் நெனச்சேன்கா. ஒரு ஒப்புதல் பாரம் குடுத்தாங்க, டிக் பண்ணி சைன் வச்சேன். முழுசா படிக்கல.”

“நாலாயிரம் பேருக்காக டிக் பண்ணிருக்க, மாதவி. என்கிட்ட கேட்டியா?”

“உள்ள வந்து படத்தையெல்லாம் எடுப்பாங்கன்னு தெரியாதுக்கா.”

“சரி. அந்தப் பாரத்த எனக்கு அனுப்பு. அழுதது போதும்.”

மாதவி அனுப்பினாள். அவளைத் திட்டிவிட்டுப் போனை வைத்திருந்தால் அந்தக் காகிதம் கிடைத்திருக்காது என்பது பஞ்சாலைக்குத் தெரியும்.

அதே எண்ணெய்க்கு வேறு விளம்பரங்களும் இருந்தன. பஞ்சாலை ஒவ்வொன்றாகத் தேடிச் சேமித்தாள். அவளோடு சேர்த்துப் பதினான்கு பேர், எல்லாம் குழுவில் பார்த்த படங்கள். மற்ற பதின்மூன்று பேருக்கும் எழுதினாள். ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். தன் நோய் மாமியார் வீட்டுக்குத் தெரியாது என்று ஒருத்தி கெஞ்சினாள். அவள் பெயரைப் பஞ்சாலை பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். சம்மதித்தவர்களில் ஒருத்தி நிரஞ்சனா, தெமியாங்கில் இருப்பவள், அரசாங்க அலுவலகத்தில் கணக்காய்வாளர். கண் அறுவைக்குப் பின் எடுத்த அவள் அம்மா பூரணத்தின் படம் விளம்பரத்தில் இருந்தது. அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை.

“அம்மாகிட்ட இன்னும் காட்டல,” என்றாள் நிரஞ்சனா. “படம் போட்டது நான். அவங்ககிட்ட கேட்காமத்தான் போட்டேன்.”

நிரஞ்சனா ஆங்கிலத்திலும் மலாயிலும் புகார் எழுதினாள். எந்தப் படம், எந்தத் தேதியில் குழுவில் போட்டது, எந்தத் தேதியில் விளம்பரமானது என்பதையெல்லாம் பஞ்சாலை சொன்னாள். பதினேழு பிள்ளைகளின் ஏறும் இடம், இறங்கும் இடம், நேரம் எல்லாம் மனத்தில் வைத்திருக்கிறவளுக்கு அது கஷ்டமாக இல்லை.

இருவரும் சிரம்பானில் கடைவீட்டு மாடியில் இருந்த அலுவலகத்துக்குப் போனார்கள். முதலாளி யோகேந்திரன் மரியாதையாக உட்காரவைத்தார். தேத்தண்ணி வந்தது.

“சிஸ்டர், நீங்களாத்தானே போட்டீங்க? இன்டர்நெட்ல போட்டா பப்ளிக் லா. குரூப் நிர்வாகி சைன் வச்ச பாரம் எங்ககிட்ட இருக்கு.”

“அதோட காப்பி எங்ககிட்டயும் இருக்கு. டெஸ்ட் பண்றதுக்கு பேரும் நம்பரும் எடுத்துக்கலாம்னுதான் அதுல இருக்கு. காலப் பத்தி ஒண்ணும் இல்ல,” என்றாள் பஞ்சாலை.

“சரி, ஒங்க படத்த இன்னைக்கே எடுத்துருறோம். ஒரு வருஷத்துக்கு எண்ணெ ப்ரீ. இதுல மட்டும் ஒரு சைன் வைங்க, புகார் இல்லன்னு.”

“மத்தவங்க படம்?”

“அது அவங்கவங்க வந்து கேக்கட்டுமே.”

“என்னோடத மட்டும் எடுக்கறதுக்கு நான் வரல, சார். நான் சொல்லாததச் சொன்னதா எழுதியிருக்கீங்க. அதப் படிச்சிட்டு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகாம எண்ணெயத் தடவிக்கிட்டு இருந்தா, அவங்களுக்குக் காலு போனா, அங்க என் பேருதான் நிக்கும்.”

யோகேந்திரன் பேனாவை மேசையில் வைத்தார். தேத்தண்ணியைக் குடிக்காமல் இருவரும் படியிறங்கினார்கள்.

அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். தனிநபர் தரவைப் பாதுகாக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் எட்டுப் பேர் கையெழுத்தோடு புகார் போனது. விளம்பரம் வந்த தளத்துக்கும் எழுதினார்கள். தளத்திலிருந்து இரண்டு முறை ஒரே பதில் வந்தது: பரிசீலித்தோம், விதிமீறல் எதுவும் இல்லை. பஞ்சாலை தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பள்ளி வாசலுக்கு எதிரே வேனை நிறுத்திக்கொண்டு மறுபடி அனுப்பினாள். மூன்றாவது வாரம் போலீஸ் புகார் எண்ணையும் சேர்த்து அனுப்பினாள். விளம்பரங்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின.

ஜூலையில் அதிகாரிகள் வாக்குமூலம் வாங்கினார்கள். “உங்களுக்கு என்ன இழப்பு?” என்று ஓர் அதிகாரி மலாயில் கேட்டாராம். நாலு பிள்ளைகள் என்றாள் பஞ்சாலை. அவர் திகைத்து நிமிர்ந்தார். வேனில் வந்த பிள்ளைகள் என்று பிறகுதான் விளக்கினாள்.

நிறுவனம் பதினான்கு படங்களையும் எடுத்தது, குழுவிலிருந்து எடுத்த தகவலை அழித்துவிட்டதாக எழுதிக்கொடுத்தது. விசாரணை இன்னும் முடியவில்லை. யோகேந்திரன் வேறொரு பெயரில் எண்ணெய் விற்பதாகக் கேள்வி. நான்கு பிள்ளைகளில் இரண்டு திரும்பி வந்தன, ரவிச்சந்திரனின் மகளும் அதில் ஒருத்தி. மற்ற இரண்டு வரவில்லை. நிரஞ்சனா ஒருநாள் துணிந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பூரணம் டீச்சர் மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நாலாவது நாள் புகாரின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த இரண்டு மலாய்ப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தார்.

மாதவி பழைய குழுவை மூடிவிட்டாள். புதிய குழுவை நடத்தும்படி பஞ்சாலையை எல்லோரும் கேட்டார்கள். அவள் மூன்று நிபந்தனை போட்டாள். வியாபாரி யாரும் உள்ளே வரக்கூடாது. உடம்பின் படம் போடக்கூடாது. எந்தக் காகிதத்தில் கையெழுத்து வைப்பதானாலும் முதலில் எல்லோரும் படிக்க அதைக் குழுவின் பக்கத்தில் போட வேண்டும். நாலாயிரம் பேரில் அறுநூறு பேர்தான் வந்தார்கள்.

போன மாதம் ஓர் இரவு பகாவ் ஊரிலிருந்து ஒரு பெண் தனிச் செய்தி அனுப்பினாள். காலில் புண், கறுத்துக்கொண்டு வருகிறது, படம் அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

பஞ்சாலை பதில் எழுதவில்லை. உடனே போன் செய்தாள்.

“படம் வேணாம்மா. எனக்குப் பாத்தாலும் தெரியாது. இப்ப மணி ஒம்போதுதான் ஆவுது. வீட்டுல யாரு இருக்கா? காரு இருக்கா? கெளம்புங்க, பேசிக்கிட்டே போங்க. ஆஸ்பத்திரி வாசல் வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்.”