அவள் பாடும்போது யாரும் சாப்பிடப் போகவில்லை

அந்தப் பாடகியை முதன்முதலில் என் மகளின் கைபேசியில்தான் பார்த்தேன். கறுப்புக் காற்சட்டை, ஆண்கள் போடுவதுபோல ஒரு வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஒரு நகையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

"ஆர் இது?"

"ரோமா எண்டு நாடோடிச் சனம் இருக்கெல்லே, அவையின்ரை பாட்டுக்காரி அம்மா. இஞ்சை கொலோனிலைதான் இருக்கிறா. அகதிப் பிள்ளையளுக்கு அவ செய்யிறதைக் கேட்டா நம்பமாட்டியள்."

மகள் அப்போது தாதி வேலைக்கு, ஜெர்மனியில் அவுஸ்பில்டுங் என்று சொல்லும் தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் அகதிகள் விடுதி ஒன்றுக்குப் போய் உதவி செய்வாள். அந்தப் பாடகி அங்கே பிள்ளைகளைச் சேர்த்துவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாளாம். என் மகளும் அங்கே பாடத் தொடங்கியிருந்தாள். என்னிடம் பத்து வயதுவரை சங்கீதம் படித்து, "எனக்கு ஏலாது" என்று விட்டுவிட்டுப் போனவள்.

நானும் பாடுகிறவள்தான். யாழ்ப்பாணத்தில் முறையாகப் படித்தவள். இங்கே விடியற்காலையில் வெதுப்பகத்தில் வேலை, சனி ஞாயிறுகளில் தமிழ்ச் சங்க விழாக்களில் பாட்டு. நான் வர்ணம் தொடங்கினால் சனம் மெல்ல எழும்பிச் சாப்பாட்டு வரிசைக்குப் போகும். அதைப் பார்த்துக்கொண்டே பாடப் பழகியிருந்தேன்.

அவளும் என்னைப்போல அகதியாக வந்தவள் என்று மகள் சொன்னது எனக்குச் சுருக்கென்று குத்தியது. செர்பியாவில் பிறந்தவள். அவளுடைய பாட்டனாரின் கூடப்பிறந்தவர்கள் ஹிட்லரின் நாசிப் படைகளின் முகாமிலேயே முடிந்துபோனார்கள். அப்படியிருந்தும் தொண்ணூறுகளில் அங்கே யுத்தம் வந்தபோது அவளுடைய பெற்றோர் ஜெர்மனிக்குத்தான் ஓடிவந்தார்கள். எப்போது திருப்பி அனுப்புவார்களோ என்ற பயத்தோடு பல வருடம் இருந்தார்கள். அவள் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கினாள், கல்யாண வீடுகளில் பாடினாள். பிறகு ஒரு இசைத்தட்டு, வியன்னா, பாரிஸ் மேடைகள். பெயர் வந்த பிறகு, தான் சிறுவயதில் இருந்த அதே அகதிகள் விடுதிக்குத் திரும்பிப் போனாள். தாய் இல்லாத பிள்ளைகள் சிலரைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து வளர்த்தாள். அவர்கள் அவளை "மமா" என்று கூப்பிட்டார்கள்.

வந்து சேர்ந்தது ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே வயது, இரண்டுபேருக்கும் தொண்டைதான் சொத்து. அவள் எங்கே, நான் எங்கே?

மகள் என்னையும் கணவரையும் அவளுடைய கச்சேரி ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மண்டபம் நிறைந்திருந்தது. நடுவில் அவள் கையை உயர்த்தினாள், வாத்தியங்கள் நின்றன. ஒரு பெண்ணையும் அவளுடைய பிள்ளைகளையும் மேடைக்குக் கூட்டிவந்தாள்.

"இவர்களை அடுத்த வாரம் திருப்பி அனுப்பப் போகிறார்கள்," என்றாள் ஜெர்மனில். "இங்கே சட்டத்தரணி யாராவது இருந்தால் எழும்புங்கள். எழும்பும்வரை நான் பாடமாட்டேன்."

யாரும் அசையவில்லை. எங்கோ ஒரு இருமல். மேடையில் நின்ற கடைசிப் பிள்ளை தாயின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்தது. அவள் அவசரப்படாமல் நின்றாள். கடைசியில் மேல்மாடத்தில் ஒரு வயதான மனிதர் எழும்பினார். பிறகு கீழே ஒரு பெண். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. அந்தக் குடும்பம் இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறது.

பக்கத்தில் பார்த்தேன். கணவரின் கண் கலங்கியிருந்தது. என் எந்தக் கச்சேரியிலும் நான் காணாத கலக்கம்.

"நல்லாத்தான் பாடுறா, என்ன?" என்றார் டிராமில்.

"சுருதி சில இடத்திலை விலகுது."

"அப்பிடியோ? எனக்குத் தெரியேல்லை."

"உங்களுக்கு எப்பதான் தெரிஞ்சது!"

உண்மையில் சுருதி எங்குமே விலகவில்லை. எங்கேயாவது விலகாதா என்றுதான் நான் கடைசிவரை காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சில நாட்களுக்குப் பிறகு மகள் சமையலறையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். ஜெர்மனில்தான். முடிக்கும்போது, "சரி மமா" என்றாள்.

"உனக்கு அம்மா இல்லையோ?" என்று கேட்டேன்.

"எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான் கூப்பிடுதுகள். வாய்க்குப் பழகிப்போச்சு." தொலைபேசியை வைத்துவிட்டு, "நான் பாடினா நீங்கள் பிழைதான் பிடிப்பியள் அம்மா. அவ என்னைப் பாடவிடுறா," என்றாள்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் பாடகியின் குரல்நாணில் ஒரு கட்டி வந்தது. சத்திரசிகிச்சை செய்து, பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். கேட்டதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. பயம் பிறகுதான் வந்தது, பாடுகிறவளுக்கு மட்டும் வரக்கூடிய பயம்.

"பிள்ளையள் பாவம். நீங்கள் ஒருக்கால் வந்து பாடுங்கோவன் அம்மா," என்றாள் மகள்.

"வாறன்," என்றேன். இரக்கத்தினால் அல்ல. அவளுடைய இடத்தில் ஒருநாளாவது நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

பட்டுச் சேலை உடுத்துக்கொண்டு போனேன். விடுதியின் சாப்பாட்டு அறையில் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். மிஸ்ரசாபுவில் ஒரு அம்மன் பாட்டை எடுத்தேன். ஏழு அட்சரத் தாளம், மூன்றும் நான்குமாக நடப்பது. பிள்ளைகள் நெளிந்தார்கள். ஒரு சிறுமி என் மகளிடம், "மமா எப்போது வருவா?" என்று கேட்டாள்.

அப்போது பின்னால் கதவருகே கைதட்டும் சத்தம். கழுத்தில் சால்வை சுற்றியபடி அவளே நின்றாள். மூன்றும் நான்கும், பிசகாமல் தட்டினாள். அவர்களுடைய நாட்டு ஆட்டப் பாட்டுகளிலும் அந்த ஏழு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். ரோமாப் பிள்ளைகள் துள்ளி எழும்பினார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து ஆடினார்கள். என் பாட்டுக்கு ஆட்கள் எழும்பி ஆடியது அதுதான் முதல் தடவை. ஆனால் அவர்கள் பார்த்தது அவளுடைய கையை.

பிறகு அவள் என் பக்கத்தில் வந்து இருந்து, கைபேசியில் தட்டிக் காட்டினாள்: "உங்கள் மகளின் குரல் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது."

"அவளுக்கு என்னைவிட உங்களைத்தான் பிடிக்கும்," என்றேன்.

சத்தமில்லாமல் சிரித்துவிட்டு மறுபடியும் தட்டினாள்: "நான் பெற்ற மகள் என் பாட்டைக் கேட்கவே மாட்டாள்."

அதைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். முகத்தில் காட்டவில்லை.

வசந்தத்தில் அவளுடைய குரல் திரும்பி வந்தது. முன்னைவிடக் கனமாக, இன்னும் அழகாக வந்தது. பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. அவளோடு ஒரே மேடையில் பாட என்னைக் கேட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மகள் போய்ப் பாடினாள்.

விடுதிக்கு நான் போவதை விடவில்லை. அவள் ஊரில் இல்லாத சனிக்கிழமைகளில் மட்டும் போவேன். மகளுக்கு அது தெரியும். ஒன்றும் கேட்கமாட்டாள். வெள்ளிக்கிழமை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "அவ இந்தக் கிழமை வியன்னாவிலை," என்று மட்டும் சொல்லுவாள்.

நான் சேலையை எடுத்து இஸ்திரி போடத் தொடங்குவேன்.