மாமியின் மூன்று காப்புகள்

வங்கிகள் ஏன் விழுகின்றன என்பதைப் பற்றிப் பிற்காலத்தில் ஒன்பது புத்தகங்கள் படித்தேன். ஒன்பதும் தடித்தவை. எண்பத்தாறில், நீர்வேலியில், ஐயாவின் அக்காவான மாமி நடத்திய சீட்டை நான் ஒரு பேச்சில் விழுத்தியதற்கு மேலாக அவை எதையும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. கண்ணில் படுவதையெல்லாம் எண்ணுவேன். கோயில் படிகள், வாழைக்குலையின் காய்கள், பந்தியில் இருப்பவர்கள். இன்றும் மருந்துக் குளிசைகளை இரண்டு தரம் எண்ணாமல் விழுங்குவதில்லை.

மாமியோடு சேர்த்துச் சீட்டில் பன்னிரண்டு பேர். ஆளுக்கு மாதம் ஐந்நூறு ரூபா. முதல் மாதம் மாமிக்கு. அதன் பிறகு, சேரும் ஆறாயிரத்தில் ஆகக்கூடிய கழிவு கூறுபவர் மிச்சத்தை எடுக்க, கழிவை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். அதைக் கொப்பியில் எழுதுவது என் வேலை. கடைசிவரை பொறுத்திருப்பவருக்கு முழுத்தொகையும் கிடைக்கும். ஐயா பொறுத்திருந்தார். அயலவரின் நீர் இறைக்கும் இயந்திரத்தை இரவல் கேட்டே எங்கள் வாழைகள் வளர்ந்தன. அந்தக் காசில் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

ஆரம்பத்தில் கழிவு முந்நூறைத் தாண்டவில்லை. பிறகு ஆயிரமாகி, ஆயிரத்தைந்நூறும் ஆனது. சண்டைக்குப் பயந்து பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காசு வேண்டியிருந்தது. சீட்டை எடுத்த இரண்டு குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டன. ஆனாலும் மாதாமாதம் ஆறாயிரம் குறையாமல் சேர்ந்தது. எப்படி என்று நான் யோசிக்கவில்லை.

ஒன்பதாம் மாதம், ஞாயிறு காலை, சீட்டுக்காரர்கள் காசோடு வந்து கூடியிருந்தபோது, மாமி எனக்குத் தேநீர் நீட்டினார்.

"மாமி, உங்கடை கையிலை முந்தி ஆறு காப்பு கிடந்தது. போன மாதம் நாலு. இண்டைக்கு மூண்டுதான் கிடக்கு."

"என்ன, என்ரை கையையும் கொப்பியிலை எழுதிறியோ?" என்று மாமி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஏற்கெனவே சீட்டை எடுத்திருந்த கடைக்காரர், மேசையில் வைத்த ஐந்நூறைத் திரும்ப எடுத்து மடித்தார்.

"அப்ப, ஓடிப்போன ரண்டு பேற்றை காசையும் நீங்களே காப்பை அடைவு வைச்சுக் கட்டினனீங்கள்?"

"ஓம். அதாலை ஆருக்கு என்ன குறைஞ்சது? இன்னும் மூண்டு மாதம்தானே. மூண்டு காப்பும் அதுக்குக் காணும்."

"காணுமெண்டால் சந்தோசம் அக்கா. அடுத்த மாதம் பாத்துச் சேத்துக் கட்டுறன்."

அவர் சைக்கிளில் ஏறினார். சீட்டு எடுத்து முடித்த மற்ற நால்வரும் பின்னால் போனார்கள். மாமியின் கணக்கில் பிழை இல்லை. நான் எத்தனையோ தரம் போட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாரும் வழமைபோலக் கட்டியிருந்தால் சீட்டு முடிந்திருக்கும்.

ஐயாவையும் சேர்த்துச் சீட்டு எடுக்காதவர்கள் நால்வர். அன்று முழுவதும் அவர் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"அக்காட்டை எப்பிடியப்பா போய்க் கேக்கிறது?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"நான் மச்சாளை நம்பேல்லை எண்டே சொன்னனான்?" என்றார் அம்மா. "மற்ற மூண்டு பேரும் போகாமல் இருப்பினமோ? மூண்டு காப்பு, நாலு பேர். நீங்கள் நிண்டு யோசியுங்கோ."

ஐயா போனார். பொழுதுபடும் நேரம், கைலேஞ்சியில் சுற்றிய ஒரு காப்போடு திரும்பினார். மற்ற இரண்டையும் இருவர் அதற்கு முன்பே வாங்கிவிட்டார்களாம். நாலாமவரான பழைய தபால்காரர் கோயிலுக்குப் போய்விட்டுப் பிந்தி வந்தாராம்.

அம்மா அந்தக் காப்பைக் கையில் போட்டுப் பார்க்கவில்லை. மாமி ஆசையாகத் தந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். கொப்பியைக் கொண்டுபோய், "ஐயா, இதை ஆற்றை பேரிலை எழுதிறது?" என்று கேட்டேன்.

அவர் கிணற்றடிக்குப் போய்க் கைகளைக் கழுவத் தொடங்கினார். ஐந்து வாளித் தண்ணீர். வாழைக்கயர்க் கறை இலேசில் போகாது என்று நினைத்துக்கொண்டு, நான் வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.