எல்லா நாட்டுக்கும் ஒரே கேள்வி

எட்டாவதோடு நின்றவன் நான். ஊர் ஊராகப் போய்க் கிடைக்கிற வேலையைச் செய்வேன். போன தேர்தலில் வேட்பாளர்களிடம் கேள்வி கேட்கும் வேலை கிடைத்தது. பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிடுகிற ஆய்வு. எழுதியிருப்பதை மட்டும் படிக்கச் சொன்னார்கள்.

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு அக்கா சுயேச்சையாக நின்றார். மீன் தரம் பிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"தேர்தலில் நிற்க முக்கியக் காரணம் என்ன?"

"எங்க வீட்டுக்காரரு இலங்கை ஜெயில்ல இருக்காரு தம்பி. மனு கொடுக்கப் போனா வாசல்லயே நிறுத்துறாங்க. வேட்பாளருன்னா உள்ள விடுவாங்கல்ல."

கையிலிருந்த டேப்லெட்டில் கொடுத்திருந்த காரணங்களில் அது இல்லை. ‘மற்றவை’யைத் தொட்டேன். பல நாடுகளில் கேட்கிற கேள்விகள் என்று அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

"இதையெல்லாம் இலங்கையிலயும் கேக்குறீங்களா?"

"ஆமாக்கா."

"அப்ப அங்கிட்டு நிக்கிறவங்ககிட்ட, ஜெயில்ல இருக்க எங்க ஆளுங்கள எப்ப விடுவீங்கன்னும் கேக்கச் சொல்லுங்க. இத்தன கேள்வி கடலத் தாண்டிப் போகுது, இது ஒண்ணு போகாதா?"

அங்கேயே மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன்.

"எல்லா நாட்டுக்கும் ஒரே கேள்விதான். கூட ஒண்ணு சேர்க்க முடியாது" என்றார்.

அக்காவுக்கும் அது கேட்டது. "சரி, அடுத்ததப் படிங்க" என்றார். படித்தேன்.

அவர் தோற்றுவிட்டார். கணவர் வந்தாரா என்று தெரியவில்லை. இப்போது விராலிமலையில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறேன். யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிராது என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன்.