உள்ளே ஆள், வெளியே பூட்டு

போன வாரம் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. நடுவர்!

பட்டிமன்ற நடுவர் என்று நினைத்து யாரும் கைதட்டிவிட வேண்டாம். இடுக்கியில் வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலக்காய் ஸ்டோர்களில் எது ரொம்பப் பாதுகாப்பானது என்று பார்த்துப் பரிசு கொடுக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். தொழிலாளர் துறையிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர், விவசாயிகள் சங்கத்திலிருந்து செயலாளர், பொதுஜனம் சார்பில் நான்.

பாலக்காட்டுக் கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். மனிதர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “ஏலக்காயை டீயில போடறதைத் தவுத்து உனக்கு வேற என்ன புள்ள தெரியும்?”

“ஒண்ணும் தெரியாதவங்கதானுங்க நடுவரா வேணுமாம்” என்றேன். கிளம்பிவிட்டேன்.

பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்கு... இரண்டும் கேரளம்தானே என்று நினைப்பீர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வழியோ தமிழ்நாடு வழியாக! கோவிந்தாபுரம் தாண்டி, பொள்ளாச்சி, தேனி, கம்பம் என்று சுற்றிவிட்டு, மலையேறி மறுபடி கேரளத்துக்குள் நுழையவேண்டும். போய்ச் சேரும்போது இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

ஸ்டோர் என்றதும் மளிகைக்கடையை நினைத்துக்கொள்ளாதீர்கள். பறித்த பச்சைக்காயை உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் அங்கே அந்தப் பெயர். ஓர் ஓரத்தில் பெரிய விறகு அடுப்பு. அதிலிருந்து கிளம்பும் தகரக் குழாய்கள் சூட்டைச் சுமந்துகொண்டு அறை முழுக்க ஓடும். குழாய்களுக்கு மேலே அடுக்கடுக்காகத் தட்டுகளில் காய். அடுப்பு அணையவும் கூடாது, எகிறவும் கூடாது. காய் உலர்ந்து முடிகிறவரை ஓர் ஆள் உள்ளேயே இருந்து கவனிக்கவேண்டும். விறகு, புகை, சூடு, பழைய மரச்சட்டங்கள்... தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

அதனால்தான் இந்தத் திட்டம். அரசாங்கம் பாதி, முதலாளிகள் பாதி என்று செலவைப் பகிர்ந்துகொண்டு ஒவ்வொரு ஸ்டோருக்கும் புகை அலாரம், தீயணைக்கும் சிலிண்டர், பின்பக்கம் ஓர் அவசர வழி. நிஜமாகவே நல்ல திட்டம். சிவப்பு நாடாவும் லாப நஷ்டமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு தொழிலாளியின் உயிரைப் பற்றிப் பேசுவது தினமும் நடக்கிற காரியமா? நான் மனசாரப் பாராட்டினேன்.

முதல் இரண்டு ஸ்டோர்களும் பரவாயில்லை. ஒன்றில் சிலிண்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்குப் போட்டதாம். எடுக்க மனசு வரவில்லையாம்! சிரித்துக்கொண்டே மூன்றாவதுக்குப் போனோம். அத்தோடு சிரிப்பு முடிந்தது.

மூன்றாவது ஸ்டோர் பார்க்க அவ்வளவு லட்சணம். புது பெயின்ட், பெருக்கின முற்றம். முதலாளி ராஜாங்கம் போடிக்காரர், அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தார். முன்கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்து ஜன்னலின் இரும்பு வலைக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் கும்பிட்டது. சேவியர். அந்த ஸ்டோரில் பல வருஷமாக அடுப்புப் பார்ப்பவர்.

முன்கதவு பூட்டியிருக்கிறதே என்று எங்களில் யாருக்குமே உறைக்கவில்லை. பின்பக்கம்தான் வழி இருக்கிறதே!

இன்ஸ்பெக்டர் ஷீபா சின்ன வயது, சுறுசுறுப்பான பெண். “சேவியர் சேட்டா, பயப்படண்டா. இது வெறும் டெஸ்ட். அலாரம் அடிக்கும்போ நீங்கள் அவசர வழியில வெளியே வரணும். அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, முன்பக்கத்து வெளிச்சுவரில் இருந்த பட்டனை அமுக்கினார்.

அலாரமா அது! மலையே அலறியது.

நாங்கள் முற்றத்தில் நின்று காத்திருந்தோம். சேவியர் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வருவார், நாங்கள் கைதட்டலாம் என்று.

வரவில்லை.

சங்கச் செயலாளர் வர்கீஸ் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஷீபா என்னைப் பார்த்தார். அலாரம் அலறிக்கொண்டே இருக்கிறது... ஆளைக் காணோம். மூவரும் பின்பக்கம் ஓடினோம்.

பச்சைக் கதவு. மலையாளத்திலும் தமிழிலும் ‘அவசர வழி’ என்று வெள்ளை எழுத்து, ஓடுகிற மனிதன் படம்கூட இருந்தது. அந்த மனிதனின் காலுக்குக் கீழே புதிதாக வெல்டிங் செய்த ஒரு கொண்டி. கொண்டியில் என் உள்ளங்கை அளவு பூட்டு.

வெளியே!

“எந்தா இது?” என்று ஷீபா கத்தியது அலாரத்தையும் மீறிக் கேட்டது. உள்ளே விறகு எரிகிறது. ஓர் ஆள் இருக்கிறார். முன்னாலும் பூட்டு, பின்னாலும் பூட்டு. நாங்கள் பரிசு கொடுக்க வந்திருக்கிறோம்!

“மேடம், சாவி முதலாளிகிட்டல்ல இருக்கு” என்று உள்ளிருந்து சேவியரின் குரல் வந்தது.

முதலாளி போடியில். சாவி அவர் சட்டைப்பையில். நடுவே ஒரு முழு மலைப்பாதை.

அதற்குள் அலாரம் கேட்டு, தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தார்கள். டெஸ்ட் என்று அவர்களிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. முன்னால் ஓடிவந்த பெண் தலைத்துண்டு அவிழ, “மாதாவே! உள்ள எங்க வீட்டுக்காரவுகல்ல இருக்காக!” என்று அலறினார். சேவியரின் மனைவி மரியபுஷ்பம். பின்னால் வந்தவர் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினார். ஓங்கிப் பூட்டின் மேல் ஒரு போடு போட்டார்.

பூட்டு அசையவில்லை. உள்ளிருந்து சத்தம் வந்தது.

“அடியேய், பூட்ட உடைக்காதடி! கும்பிடுறேன், உடைக்காத!”

நான் கேட்டது சரிதானா என்று எனக்கே சந்தேகம். அலாரம் அடிக்கும் கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்ட மனிதர் கதவைத் திறக்காதே என்று கெஞ்சுகிறார்! இத்தனை வருஷமாக எழுதுகிறேன், எத்தனையோ கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

அப்போதுதான் ஷீபாவுக்கு நினைவு வந்து, முன்பக்கம் ஓடிப்போய் அலாரத்தை நிறுத்தினார். திரும்பி வந்து, தீயெல்லாம் ஒன்றுமில்லை, சோதனைதான் என்று எல்லோரிடமும் சொன்னார். மரியபுஷ்பம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடப்பாரையை மட்டும் விடவில்லை.

“யார் பூட்டினது?” என்று கதவருகே போய்க் கேட்டார் ஷீபா. “முதலாளியா? பேரைச் சொல்லுங்கோ, நான் பார்த்துக்கொள்றேன்.”

“முதலாளிய ஒண்ணும் சொல்லாதீக மேடம். நான்தான் பூட்டச் சொன்னேன்.”

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, முகம் தெரியாமல், அவர் காரணம் சொன்னார். பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் முன்பு செல்லத்துரை என்று ஒருவர் அடுப்புப் பார்த்தாராம். ஒருநாள் இரண்டு மூட்டைக் காய் குறைந்தது. போலீசுக்குப் போகவில்லை, யாரும் அவரை அடிக்கவும் இல்லை. ஆனால் அவரைப் பார்த்தால் ஆட்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மாதா கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் இடம் காலியாகவே இருந்தது. வேலைக்கும் ஒருத்தரும் கூப்பிடவில்லை.

“அப்புறம் பாத்தா, மூட்டை வேற லோடுல மாறிப் போயிருக்கு. காய் கெடச்சிருச்சு மேடம். பேரு கெடைக்கல. குடும்பத்தோட கீழ எறங்கிப் போயிட்டான்” என்றார் சேவியர். “எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக. அதான் முதலாளிகிட்ட சொன்னேன். வெளிய பூட்டிச் சாவியக் கொண்டு போயிருங்க, எவனும் என்னயப் பாத்து வெரல நீட்ட முடியாதுன்னு.”

“தீப்பிடிச்சா?” என்றேன். கேட்டது நான்தான்.

“தீ என்னிக்காச்சும் ஒருநா வரும்மா. பேச்சு தெனமும் வரும்.”

எனக்கு வந்தது என்ன? கோபமா, துக்கமா... இரண்டும்தான். புகை வந்தால் கூவுவதற்கு ஒரு மெஷினை மாட்டிவிட்டோம். இந்த மனிதரின் பயத்தைக் கேட்க ஓர் ஆளை அனுப்பினோமா? அவசர வழிக்கு எத்தனை அடி அகலம் வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசினவர்கள், அந்த வழியில் வெளியே வருகிறவனை நாலு பேர் எப்படிப் பார்ப்பார்கள் என்று பேசினார்களா?

வர்கீஸ் சார் முதலாளிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். ராஜாங்கம் பதறிப்போய்விட்டார். “நானா பூட்டுனேன்? வேணாம்னுதாங்க சொன்னேன். அவன்தான் பிடிவாதமா நின்னான்.” பொய் சொல்கிற குரலாகத் தெரியவில்லை. மரியபுஷ்பமும் தலையாட்டினார். மூத்த பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது ராஜாங்கம்தான் தன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். கெட்டவர் ஒருவர் கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

“காயைத் தனி ரூமில் வச்சுப் பூட்டுங்கோ சார். ஆளைப் பூட்டண்டா!” என்றார் ஷீபா. முகமெல்லாம் சிவந்திருந்தது. “இப்போ இந்தப் பூட்டை உடைக்கப் போறோம்.”

“உடைங்க, தாராளமா உடைங்க. கொண்டியையும் அறுத்துப் போட்டுர்றேன். வேற என்ன செய்யணும்? எல்லாம் செய்றேன்” என்றார் ராஜாங்கம்.

வர்கீஸ் சாருக்கு நிம்மதி. எனக்கும்தான். முடிந்தது என்று நினைத்தேன்.

“முதலாளி, ஒரே ஒரு வார்த்தை” என்று உள்ளிருந்து சேவியர் கூப்பிட்டார். வர்கீஸ் சார் போனைக் கதவோரம் நீட்டினார். “எல்லாரும் நிக்காக. அவுக காதுல விழுற மாதிரி சொல்லிருங்க. நாளப்பின்ன காய் கொறஞ்சா, சேவியர்கிட்ட கேக்க மாட்டேன்னு. அது போதும் எனக்கு.”

போனில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று வர்கீஸ் சார் எடுத்துப் பார்த்தார். கட்டாகவில்லை.

“அது... அப்பப் பாத்துக்கலாம்ப்பா சேவியர்.”

எல்லாம் செய்கிறேன் என்று இப்போதுதான் சொன்ன மனிதர்! நல்ல மனிதர்! அவருக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

“செரி முதலாளி” என்றார் சேவியர். குரலில் வருத்தம்கூட இல்லை. “அப்பப் பூட்டு கெடக்கட்டும் மேடம்.”

தரையில் உட்கார்ந்திருந்த மரியபுஷ்பம் எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. கடப்பாரையைக் கொண்டிக்குள் விட்டு நெம்பினார். மறுபடி நெம்பினார். வெல்டிங் விட்டுக்கொண்டு பூட்டு கீழே விழுந்தது.

“உடைச்சது நானு. எல்லாரும் பாத்துக்கிட்டீகல்ல? இனி ஒத்தக் காய் கொறஞ்சாலும் என் வாசல்ல வந்து கேளுங்க” என்றார், போனைப் பார்த்து.

கதவு திறந்தது. சூடான காற்று எங்கள் முகத்தில் அடித்தது. வியர்வையில் நனைந்து, சேவியர் உள்ளே நின்றுகொண்டிருந்தார். ஓடி வந்து மனைவியின் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன்.

அவர் நிலைப்படியிலேயே நின்றார். சட்டைப்பையை வெளியே இழுத்துத் திருப்பிக் காட்டினார். கைலி மடிப்பை அவிழ்த்து உதறினார். இரண்டு உள்ளங்கைகளையும் எங்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரித்தார். யாரும் கேட்கவில்லை. அப்புறம்தான் வெளியே காலெடுத்து வைத்தார்.

“கதவு திறந்தாச்சு” என்று வர்கீஸ் சார் போனில் சொன்னார். எனக்கென்னவோ அப்படித் தெரியவில்லை.