றால் பிடிக்கிறவர்களின் இங்கிலீஷ் வகுப்பு

சிவானுஜா அந்தத் தாளை வாசிக்காமல்தான் கையெழுத்து வைத்தாள். பிற்பாடு அவளுடைய வகுப்புக்கு யார் புதிதாக வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வாள். தன் பிழையை மூடி வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து தை மாதம் அது. கடல் ஊருக்குள் வந்துபோய் மூன்று கிழமை. பனிச்சங்கேணியில் கடலுக்கும் களப்பு என்கிற உப்புநீர் ஏரிக்கும் நடுவில் இருந்த வீடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவளுடைய தங்கை யசோதினியை மூன்றாம் நாள் கண்டல் மரப் பற்றைக்குள் இருந்து உயிரில்லாமல் தூக்கி வந்தார்கள். தப்பிய சனம் பள்ளிக்கூட வளவில் தாரப்பாள் கட்டிக் கிடந்தது.

நிவாரண நிறுவனமொன்றின் வாகனம் வந்து நின்றது. உதயரூபன் என்கிற அலுவலர் கத்தையாகத் தாள்களோடு இறங்கினான். டவுனில் படித்த இளைஞன். கெட்டவன் என்று சொல்ல முடியாது, எப்போதும் அவசரத்தில் இருப்பவன்.

"வீடு கட்டித் தாறதுக்குத்தான். கெதியா வைங்க, இன்னும் ரெண்டு ஊருக்குப் போகணும்."

தாள் முழுக்க ஆங்கிலம். அந்த வளவிலே ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் சிவானுஜா ஒருத்திதான். வாழைச்சேனைக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்து, சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் பாஸ் பண்ணியவள். அப்போது இருபத்துநாலு வயது. அவள் கண் அந்த வரிகளில் பட்டது, ஆனால் எதுவும் உள்ளே இறங்கவில்லை. தங்கையின் தலைமுடியில் சிக்கியிருந்த சேறுதான் மனதில் நின்றது. கையெழுத்தை வைத்துவிட்டுப் பேனையைப் பின்னால் நின்ற வசந்தாதேவியிடம் நீட்டினாள்.

சித்திரை மாதம் வீடு கட்டுவதற்குக் கட்டை அடித்தார்கள். களப்பிலிருந்து இரண்டு மைல் தள்ளி, பற்றைக் காட்டுக்குள். மீன்பிடிக்கிற சனத்துக்கு அங்கே என்ன வேலை? கேட்கப் போனவர்களுக்கு உதயரூபன் தாளின் பிரதியைக் காட்டினான்.

"நீங்கதானே கேட்டீங்க?"

சிவானுஜா அதை வாங்கி வாசித்தாள். கடலோரத்திலும் களப்போரத்திலும் குடியிருக்க எங்களுக்கு விருப்பமில்லை, உள்ளே காணி தரும்படி நாங்களாகவே கேட்கிறோம் என்று எழுதியிருந்தது. அடியில் அவளுடைய கையெழுத்து, அழகான கையெழுத்து.

வசந்தாதேவி அவளை நேருக்கு நேர் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது. புருசன் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி றால் பிடித்தே மூன்று பிள்ளைகளை வளர்த்தவள்.

"நீ இங்கிலீஷ் படிச்ச புள்ளதானே. வாசிச்சியா?"

"இல்லக்கா."

"ஏன் வாசிக்கல்ல?"

சிவானுஜா தாளை உதயரூபனிடம் நீட்டினாள். வசந்தாதேவி விடவில்லை.

"அப்ப எங்களுக்குப் படிப்பிச்சு விடு. இனி நாங்களே வாசிக்கிறம்."

கெஞ்சுகிற குரல் இல்லை அது. ஏச்சுத்தான். சிவானுஜா அன்றிரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் பின்னேரம் தாரப்பாளுக்குக் கீழே பதினொரு பேர் வந்து குந்தினார்கள். எல்லோரும் அவளைவிட மூத்தவர்கள்.

யாரோ கொடுத்த படப்புத்தகம் ஒன்று இருந்தது. அப்பிளும் ராணியும் பனிக்கரடியும். வேலன் என்கிற மீனவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இந்தக் கரடிய வைச்சு நான் என்ன செய்ற, தங்கச்சி?"

அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து முகாமில் கிடந்த எழுத்தெல்லாம் பாடப்புத்தகம் ஆனது. மாச்சாக்கு, பால்மாப் பெட்டி, மருந்துக் குளிசைப் பட்டை, தண்ணீர்த் தாங்கியில் ஒட்டியிருந்த அறிவித்தல். அதற்குப் பிறகு படிவங்கள். வாசிப்பதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். கருத்தை அவள் சொல்லமாட்டாள். தெரியாத சொல்லை விரலால் மறைத்துத் துண்டு துண்டாக வாசிக்க வேண்டும், வசனத்தை முடிக்க வேண்டும், பிறகு தமிழில் தன் வாயால் சொல்ல வேண்டும். அது சரியா என்று பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சண்டை வரும். வந்தால் நல்லது என்பாள்.

எழுதுவது நாளுக்கு ஒரு வசனம். தன்னைப் பற்றியதாக இருக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும். பிழை இருந்தால் அந்த இடத்துக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போடுவாள். என்ன பிழை என்று எழுதினவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலனுக்கு ஆங்கிலத்தில் வள்ளத்தின் முதலெழுத்தான b-யும் நாயின் முதலெழுத்தான d-யும் மாறி மாறி வந்தன. ஒரு கிழமை மல்லுக்கட்டி அவரே வழி கண்டார். "வயிறு முன்னுக்குத் தள்ளினா வள்ளம், பின்னுக்குத் தள்ளினா நாய்." பதினொரு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

வசந்தாதேவியின் முதல் வசனம் முடிய நாலு நாள் எடுத்தது. நான் கையால் றால் பிடிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதினாள். சிவானுஜாவுக்குத் திருப்தி. வசந்தாதேவிக்கு இல்லை.

"ஒரு கை எண்டெல்லோ கிடக்கு. ஒரு கையால எப்பிடி றால் புடிக்கிற? நீ புடிச்சுக் காட்டு பாப்பம்."

இரண்டு கையையும் எழுதிய பிறகுதான் கொப்பியை மூடினாள்.

ஆவணி மாதம் பதினொரு பேரும் பதினொரு கடிதம் எழுதினார்கள். நாங்கள் களப்பை விட்டுப் போகச் சம்மதிக்கவில்லை; அந்தத் தாளை எங்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. ஒவ்வொருவரும் தன் சொல்லில், தன் கையெழுத்தில். உதயரூபன் வாங்கிப் பார்த்துத் தலையில் கைவைத்தான்.

"இப்பிடிப் பிழையோட கொழும்புக்கு அனுப்பினா சிரிப்பாங்க, சிவானுஜா. நான் வடிவா ஒரு கடிதம் எழுதித் தாறன். எல்லாரும் கீழ கையெழுத்த வைங்க."

"ஒருக்கா வைச்சம் சேர். அது போதும்."

"நான் உதவிக்குத்தான் சொல்றன்."

"தெரியும். ஆனா சிரிக்கிறவங்க வாசிச்சுப்போட்டுச் சிரிக்கட்டும்."

கடிதங்கள் போயின. மாரிமழைக்குள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து பாயில் உட்கார்ந்தார். பதினொரு பேரும் தங்கள் கடிதத்தை வாசித்தார்கள். இடையில் அவர் என்னவோ வேகமாகக் கேட்டார். வேலன் கையை உயர்த்தி, "ஸ்லோலி" என்றார். அந்தப் பெண்மணி திரும்பவும் மெதுவாகக் கேட்டார். சிவானுஜா வாயே திறக்கவில்லை. 

பற்றைக்காட்டுக் கட்டைகளைப் பிடுங்கினார்கள். விரும்பியவர்களுக்குக் களப்புப் பக்கத்திலேயே வீடு என்று முடிவானது. அடுத்த வருசம் ஆறு வீட்டுக்கு அத்திவாரம் எழும்பியது. கூரை வரவில்லை. யுத்தம் வந்தது.

இரண்டாயிரத்து ஆறு கடைசியில் ஊரைச் சுற்றி வாகரைப் பக்கம் முழுக்க ஷெல் விழுந்தது. வேலன் தன் வள்ளத்தைக் கரையில் இழுத்துக் கட்டப் போன இடத்தில் செத்துப்போனார். மற்றவர்கள் காட்டு வழியே இரண்டு நாள் நடந்து பெரிய றோட்டுக்கு ஏறினார்கள். வசந்தாதேவி ஒரு ஆற்றைக் கடக்கும்போது சோற்றுப்பானையைத் தண்ணீரில் விட்டுவிட்டாள், கொப்பியை விடவில்லை.

சித்தாண்டிப் பக்கத்தில் மறுபடியும் தாரப்பாள், மறுபடியும் படிவம். சிவானுஜா படுத்த பாயை விட்டு எழும்பவில்லை. இதற்குத்தானா அவ்வளவு பாடுபட்டோம் என்று இருந்தது. வசந்தாதேவி வந்து தலைமாட்டில் குந்தினாள்.

"எழும்பு புள்ள. சனம் காத்திட்டிரிக்கி."

"என்னத்துக்கு அக்கா? கட்டின அத்திவாரமும் போயிற்று."

"அது போனாப் போகட்டும். நான் படிச்ச எழுத்து போகல்லயே. உனக்குப் போயிற்றா?"

சிவானுஜா எழும்பினாள். அன்று பத்துப் பேர். வழக்கம்போல உண்மையான வசனம் ஒன்று எழுதச் சொன்னாள், எதைப் பற்றி என்று சொல்லவில்லை. பத்துப் பேரும் வேலனைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். அவரிடம் ஒரு வள்ளம் இருந்தது என்று எழுதியவர்களில் ஒருவருக்கும் அந்த எழுத்து மாறவில்லை. அவள் ஒரு கோடும் போடாமல் கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வருசம் ஊர் திரும்பினார்கள். அத்திவாரங்களுக்குள் புல் ஆளுயரம் நின்றது. புல்லை வெட்டி, கிடைத்த தகரத்தையும் தடியையும் வைத்துக் களப்பைப் பார்த்தபடியே வீடுகளை எழுப்பினார்கள். இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்னபோது சிவானுஜாவின் வகுப்பில் இருபது பேர் இருந்தார்கள்.

அதன் பிறகு கடற்கரையோரம் ஹோட்டல்கள் எழும்பின. பெண்களுக்கு இங்கிலீஷ் பேசப் பழக்குகிற திட்டமொன்று வந்தது. திட்ட அலுவலர் சிவானுஜாவைத் தேடி வந்து ஆசிரியை வேலை தருவதாகச் சொன்னார். கதிரை, மேசை, வெள்ளைப் பலகை எல்லாம் தருவார்கள்.

"ஆனா எழுத்து வேணாம் மிஸ். மூணு மாசம்தான் கிடக்கு. குட் மோர்னிங் சேர், வெல்கம் மெடம், இது காணும். றூம் துடைக்கிற ஆக்கள் கடிதமா எழுதப் போறாங்க?"

சிவானுஜா அவர் கொண்டுவந்த வேலைத் தாளை ஆற அமர, கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். பிறகு மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"பேசுற இங்கிலீஷ் வாற ஆக்களுக்கு, சேர். வாசிக்கிற இங்கிலீஷ் எங்களுக்கு. ரெண்டையும் படிப்பிக்க விட்டா வாறன்."

அவர் விடவில்லை. வேறொருவரைப் பிடித்துக்கொண்டார். சிவானுஜாவின் இருபது பேரில் எட்டுப் பேர் அந்தப்பக்கம் போய்விட்டார்கள். அங்கே சான்றிதழ் கிடைக்கும், இங்கே கிடைக்காது. வசந்தாதேவியின் மூத்த மகள் ஆர்த்திகாவும் போனாள். தாய் ஒரு கிழமை அவளோடு பேசவில்லை.

பயிற்சி முடிந்து ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் கழித்து ஆர்த்திகா ஒரு பின்னேரம் சிவானுஜாவின் வாசலில் வந்து நின்றாள். ஹோட்டல் உடுப்பு, கையில் வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்து வைத்த நாலு பக்கத் தாள்.

"டீச்சர், இதில என்ன கிடக்கு?"

"நான் சொல்ல மாட்டன். உட்காரு. விரல வை."

இரண்டு கிழமை பிடித்தது. கிழமைக்கு ஒரு நாள் லீவு உண்டு என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஆர்த்திகாவோ எட்டு மாதத்தில் நாலு நாள்தான் லீவில் வீட்டில் நின்றிருந்தாள். இன்னொரு மாதம் பாடுபட்டு ஒரு கடிதம் எழுதினாள். ஐந்தே வசனம். அதைக் கொடுத்த அடுத்த நாள் மனேஜர் கூப்பிட்டு, எழுதிக் கொடுத்தது யார், அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்றார். சிவானுஜா தன் நல்ல சீலையை உடுத்துக்கொண்டு கூடப் போனாள்.

மனேஜர் கடிதத்தை மேசையில் போட்டு அவளைப் பார்த்தார். "இது உங்கட வேலைதானே? இந்தப் புள்ளைக்கு இவ்வளவு இங்கிலீஷ் எங்கால?"

"அவதான் எழுதின, சேர்."

"அப்ப எனக்கு முன்னால எழுதட்டும்." வெள்ளைத் தாளொன்றை ஆர்த்திகாவின் முன் தள்ளினார். "நீங்க அந்த மூலையில இரிங்க. வாய் திறக்கக் கூடாது."

ஆர்த்திகா குனிந்து எழுதத் தொடங்கினாள்.  முதல் வசனம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் ஆர்த்திகா பன்மை எழுத்து ஒன்றை விட்டுவிட்டதைச் சிவானுஜா மூலையில் இருந்தே கண்டாள். வாயைத் திறந்தால் எல்லாம் பாழ். மடியில் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

ஐந்தாவது வசனம் எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள் ஆர்த்திகா. தாளை நீட்டவில்லை. விரலை முதல் சொல்லில் வைத்து, உதடு அசைய, மெல்ல மெல்ல வாசித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது வசனத்தில் விரல் நின்றது. பேனையை எடுத்தாள். விட்டுப்போன எழுத்தை நுணுக்கமாகச் செருகினாள். பிறகு எழுந்து நின்று தாளை மனேஜரிடம் கொடுத்தாள்.

"இது என்ட. வாசிங்க சேர்."

அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். ஒரே மாதிரி இல்லை. இரண்டாவதில் ஒரு வசனம் முதலாவதைவிடக் கடுமையாக இருந்தது. "சரி, திங்கக்கிழமை லீவு" என்றார், யாரையும் பார்க்காமல். "உனக்கு மட்டும்."

"எங்களோட இன்னும் மூணு பேர் வேலை செய்றாங்க, சேர். அவங்கட தாளிலயும் அதே வரிதான் கிடக்கு," என்றாள் ஆர்த்திகா.

அந்த மூவருக்கு உடனே கிடைக்கவில்லை. ஒருத்தியை வேலையை விட்டு நிற்பாட்டினார்கள். மற்ற இருவரும் தாங்களே கடிதம் எழுதப் பழகி, எழுதி, ஐந்து மாதத்துக்குப் பிறகு லீவை வாங்கினார்கள். நிற்பாட்டப்பட்டவள் வசந்தாதேவியோடு களப்பில் இறங்கினாள், வகுப்பை விடவில்லை.

மனேஜருக்கு முன்னால் எழுதிய அன்று ஹோட்டலை விட்டு வெளியே வந்து சிவானுஜாவும் ஆர்த்திகாவும் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றார்கள். ஒரு மணித்தியாலமாக பஸ் வரவில்லை. ஆர்த்திகாவுக்கு வாய் ஓயவில்லை.

"டீச்சர், இந்த பஸ்காரனுக்கும் ஒரு கடிதம் எழுதுவமா?"

"அவனுக்குத் தமிழ்லயே எழுதலாம்டி," என்றாள் சிவானுஜா. "பேனைய எடு."