நாலு மூலையிலும் சந்தனம்

பொட்டு வைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஊரார் மேல் மட்டும் எரிந்து விழுகிறாள் என்று நினைப்பீர்கள்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவேன். ஆயுத பூஜை வந்தது. லேப் சார் பையன்களை மேஜை நகர்த்தவும் மாவிலை கட்டவும் அனுப்பிவிட்டு, சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். பொம்பளைப் பிள்ளைகளை வேறு எதற்குச் சேர்த்திருக்கிறார்கள்? மீட்டர்களுக்கு வைத்தேன், மின்சாரம் கொடுக்கிற சப்ளை பெட்டிகளுக்கு வைத்தேன். கடைசியில் பிரெட்போர்டுகள் அடுக்கி இருந்தன. கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுகிற மாதிரி நாலு மூலையிலும் வை என்றார் சார். வைத்தேன். விரல் அகலத்துக்கு, கெட்டியாக, பக்தியோடு. கிண்ணத்தில் மிஞ்சியதை வழித்துக் கடைசிப் போர்டின் மூலைகளில் அப்பினேன்.

பிரெட்போர்டு என்பது வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். துளைக்குள் உலோகக் கவ்வி இருக்கும். ஒயரைக் குத்தினால் அது பிடித்துக்கொள்ளும். ஈயம் வைத்துப் பற்ற வைக்க வேண்டாம். தப்பாகப் போட்டால் பிடுங்கி மறுபடி குத்தலாம். எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

லீவு முடிந்து வந்தபோது சந்தனம் காய்ந்து பொருக்காகிக் கிடந்தது. ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிடச் சொன்னார் சார். துடைத்தேன். பலகை பளிச்சென்றுதான் ஆனது. மேலே இருந்தது கரைந்து துளைக்குள் இறங்கியதை நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

அப்போது என் கையில் ஒரு வேலை இருந்தது. சென்னைப் பக்கத்துக் கம்பெனி ஒன்று கல்லூரிக்கே வந்து எங்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தது. கடைசி செமஸ்டர் அங்கேயே பயிற்சி, அதனால் ஜனவரியிலேயே சேர வேண்டும். ஒரே நிபந்தனை, சேரும்போது அரியர் இருக்கக் கூடாது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற என் அப்பா டீக்கடையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார்.

நவம்பரில் செய்முறைத் தேர்வு. எனக்கு வந்தது விளக்கு விட்டுவிட்டு எரிகிற சர்க்யூட். கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவேன். கால் மணி நேரத்தில் போட்டு முடித்து சுவிட்சைத் தட்டினேன். எரியவில்லை. ஐசி சிப்பை மாற்றினேன். விளக்கைத் திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு ஒயராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சப்ளை பெட்டியில் ஐந்து வோல்ட் என்று தெளிவாகக் காட்டுகிறது. விளக்கு மட்டும் செத்துக் கிடக்கிறது. வேறு போர்டு தாருங்கள் என்று சாரிடம் கேட்டேன்.

“போர்டு ஃபால்ட்டுன்னு சொல்லாத ஆளே கெடையாது. ஒழுங்கா கனெக்‌ஷன பாரு” என்றார்.

அதிலும் நியாயம் இருந்தது, எரிச்சலே அதுதான். இரண்டாம் வருஷத்தில் நானே அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன்.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது சப்ளை ஒயரைப் பிடுங்கினேன். எங்கள் லேபில் சப்ளையை எப்போதும் மூலைத் துளையில்தான் குத்துவோம். தேடாமல் பார்க்கலாம் என்று சார் பழக்கிவைத்த வழக்கம். ஒயர் முனையில் மஞ்சளாகத் தூள் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். மிச்சத்தை அப்பிய போர்டு எனக்கே வந்திருந்தது. பத்துத் துளை தள்ளி உள்ளே குத்தினேன். விளக்கு கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்துவிட்டது.

“சார், எரியுது சார். மூலையில சந்தனம் அடைச்சிருக்கு சார்” என்றேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எட்டிப் பார்த்தார். எரிவதைப் பார்த்தார், சத்தியமாகப் பார்த்தார். ஆனால் என் தாளில் ‘வெளியீடு கிடைக்கவில்லை’ என்று ஏற்கனவே எழுதிவிட்டாராம். அடித்து எழுதினால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், காரணம் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டே லேப் சாரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். ‘ஆமாம், போர்டில் கோளாறு.’ அவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியது.

“சாமி கும்பிட்டதுல போயி குத்தம் சொல்லாதம்மா. எடுத்து வை” என்றார் லேப் சார்.

நான் சாமியையா குற்றம் சொன்னேன்? துளையில் அடைத்திருக்கிறது என்றுதானே சொன்னேன்? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒயர்களைப் பிடுங்கி டப்பாவில் போட்டுவிட்டு வந்தேன். அந்த வாயடைப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

அரியர் விழுந்தது. ஊர் பேரிலேயே அரியர் வைத்திருக்கிறவள், ‘அரியர்லூர்க்காரி’ என்று வகுப்பில் ஒருவன் ஆரம்பிக்க, மொத்த வகுப்பும் பிடித்துக்கொண்டது. ஜனவரியில் ஐந்து பேர் பெட்டியோடு சென்னைக்குக் கிளம்பினார்கள். எல்லோரும் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அப்பா திட்டவில்லை. “படிக்கலியாம்மா?” என்று மட்டும் கேட்டார். சந்தனக் கதையைச் சொன்னேன். தலையாட்டினார். நம்பவில்லை. அந்த டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

ஏப்ரலில் மறுபடி எழுதப் போனேன். லேப் சார் அலமாரியைத் திறந்து, பிரிக்காத பாக்கெட்டில் இருந்த புதுப் போர்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். மற்றவர்கள் மேஜையிலெல்லாம் பழைய போர்டுதான். பாக்கெட்டைப் பிரித்தேன். இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரியுமா, பிறகு திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டாரா, அது எனக்குத் தெரியாது. தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதே சர்க்யூட் இல்லை, அதைவிடக் கஷ்டமானது. முதல் தடவையிலேயே வேலை செய்தது. தேர்வாளர் அரை நிமிஷம் பார்த்து மார்க் போட்டார். சார் சிரித்தபடி பக்கத்தில் வந்தார்.

“பாத்தியா, இந்தத் தடவ படிச்சிட்டு வந்திருக்க.”

“அன்னிக்கும் படிச்சிட்டுத்தான் சார் வந்தேன். உங்களுக்கே தெரியும். எங்கப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க சார், அது போதும்.”

சிரிப்பு போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார்.

“அதான் பாஸாயிட்டியேம்மா” என்றார்.